பனியுகங்கள் கூறும் வெப்பக் கணக்கு

திருவனந்தபுரத்தில் உறைபனியை எவரும் கண்டதில்லை. தை மாதத்து விடியற்காலையிலும் இங்கு மெல்லிய போர்வை ஒன்றே போதுமானது. இத்தகைய ஊரிலிருந்து பனியுகங்களைப் பற்றிக் கட்டுரை வரைவது பொருந்துமா என்று வாசகர்கள் ஐயுறக்கூடும். ஆயினும், உலகம் முழுவதையும் ஒரு காலத்தில் மூடியிருந்த பனி எவ்வாறு வந்தது, எவ்வாறு நீங்கியது என்னும் ஆராய்ச்சியில் இவ்வூர்ச் செம்மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

இவ்வாராய்ச்சியின் நோக்கம் பழங்கதை அறிவது மட்டுமன்று. காற்றிலுள்ள கரியமில வாயு இருமடங்கானால் பூமியின் சராசரி உஷ்ணம் எத்தனை டிகிரி உயரும் என்பது இன்று உலகெங்கும் கேட்கப்படும் கேள்வியாகும். இயந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன்னர்க் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அவ்வாயு, இப்போது 420 பங்கைக் கடந்துவிட்டது. விடை 2 டிகிரியா, 5 டிகிரியா என்பதைப் பொறுத்துச் சங்குமுகம் கடற்கரையின் எதிர்காலமும், கடல் மட்டத்திற்குக் கீழே உழுது பயிரிடப்படும் குட்டநாட்டு வயல்களின் எதிர்காலமும் வேறுபடும். பூமியைச் சோதனைச்சாலைக்குள் கொண்டுவந்து வைத்துப் பார்க்க இயலாது. இயற்கை தானே முன்னர்ச் செய்து முடித்த சோதனைகளின் பதிவுகளைப் படிப்பதே நமக்குள்ள வழி. பனியுகங்கள் அத்தகைய சோதனைகளாம்.

மேற்கூறிய கேள்விக்குரிய விடையை ஆங்கில நூல்கள் ஒரு கலைச்சொல்லால் குறிக்கின்றன. தமிழில் அதனைத் தட்பவெப்ப உணர்திறன் எனலாம். மொழிபெயர்ப்போருக்கு இச்சொல் சற்றே இடர் தருவது. உணர்தல் உயிருள்ளவற்றிற்கே உரியது என்று நாம் கருதிப் பழகிவிட்டோம். தராசை நினைத்துக்கொண்டால் இடர் நீங்கும். விறகுக் கடைத் தராசில் ஒரு குன்றிமணியை இட்டால் தட்டு அசைவதில்லை. பொற்கொல்லர் தராசில் இட்டாலோ உடனே சாய்கிறது. எடை ஒன்றே, சாய்வுதான் வேறு. பூமி எவ்வகைத் தராசு என்பதே நாம் அறிய விரும்புவது.

இக்கேள்வியை முதன்முதலில் எழுப்பியவையும் பனியுகங்களே. ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஒரு காலத்தில் பனிக்கட்டி மூடியிருந்தது என்னும் கருத்தை ஸ்விட்ஸர்லாந்து நாட்டு லூயி அகாசி 1837-ஆம் ஆண்டு அறிவித்தார். (திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா வானாய்வுக் கூடத்தை நிறுவியதும் அவ்வாண்டிலேயே.) அப்பனிக்குக் காரணம் யாது என்று தேடிய ஸ்வீடன் நாட்டு இரசாயன அறிஞர் அர்ரீனியஸ், கரியமில வாயு குறைந்தால் பூமி எவ்வளவு குளிரும் என்று 1896-இல் கணக்கிட்டார். கணக்கைத் திருப்பிப் போட்டு, அவ்வாயு இருமடங்கானால் உஷ்ணம் ஏறத்தாழ 5 அல்லது 6 டிகிரி உயரும் என்றும் கூறினார். பனியுகத்தை விளக்கப் புகுந்தவர் கூறிய அந்த எண்ணே பின்வந்த எல்லா ஆராய்ச்சிக்கும் தொடக்கமாயிற்று.

தால்சேர்க் கற்கள்

நம் நாட்டில் பழம்பனியின் சுவடு முதலில் கண்டறியப்பட்ட இடம், ஒடிசாவிலுள்ள தால்சேர் நிலக்கரி வயல். 1856-இல் வில்லியம் பிளான்போர்டு, ஹென்றி பிளான்போர்டு என்னும் சகோதரர் இருவரும், தியோபால்டு என்பவரும் இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத் துறைக்காக அவ்வயலை ஆராய்ந்து எழுதினர். நிலக்கரிக்கு அடியில் நுண்ணிய வண்டல் இறுகிய படிவத்துக்குள் பெரும் பாறைக் கற்கள் ஆங்காங்கே புதைந்து கிடந்தன. இஃது எளிதில் விளங்காத காட்சி. பெருங்கற்களைப் புரட்டும் வேகமுடைய வெள்ளம் நுண்ணிய வண்டலைப் படியவிடாது. வண்டல் படியுமளவு அமைதியான நீரோ பெருங்கற்களை அசைக்காது. ஆகவே பனிக்கட்டியே அக்கற்களைச் சுமந்து வந்திருத்தல் வேண்டும் என அவர்கள் முடிவுகட்டினர். வெப்ப நாடாகிய இந்தியாவில் பனிக்கட்டியா என்று ஐயுற்றோர் பலர். 1872-இல் இன்றைய மகாராஷ்டிரத்துச் சந்திரபூருக்கு அண்மையில், ஈராய் என்னுமிடத்தில், பனியாற்றின் அடியில் சிக்கிய கற்கள் உராய்ந்து இணைகோடுகளாகக் கீறிய பாறைத் தளம் கண்டறியப்பட்டபின் ஐயம் பெரிதும் நீங்கிற்று.

இளையவராகிய ஹென்றி பிளான்போர்டு, பின்னர் 1875-இல் நிறுவப்பெற்ற இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். இமயமலையில் மிகுதியாகப் பனி படியும் ஆண்டுகளில் அடுத்து வரும் பருவமழை குன்றுகிறது என்று 1884-இல் அவர் எழுதியது, பருவமழையை முன்னறிந்து கூறும் முயற்சிக்கு வித்தாயிற்று. தரையில் படிந்த வெண்மை வானத்தின் போக்கையே மாற்றவல்லது என்னும் எண்ணம், தால்சேரில் பனிச்சுவட்டைக் கண்டவருக்கே தோன்றியது வியப்பன்று.

தால்சேர்ப் பனிக்கு வயது ஏறத்தாழ 30 கோடி ஆண்டு. அந்தப் பனி வெப்ப மண்டலத்துப் பனியா என்றால், அன்று. அக்காலத்தில் இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிக்கா ஆகியவை கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக இணைந்து, தென் துருவத்தைச் சூழ்ந்து கிடந்தன. பனி வெப்ப நாட்டிற்கு வரவில்லை; பனிநாடாக இருந்த நிலமே பின்னர் வடக்கு நோக்கி நகர்ந்து வெப்ப நாடாயிற்று. எனவே தால்சேர்க் கற்களைக் கொண்டு உலகம் முழுவதும் உறைந்தது என வாதிட இயலாது. இன்று வெப்பமாயுள்ள இடத்தில் பனிச்சுவடு கிடைப்பது சான்றாகாது; அன்றே நிலநடுக்கோட்டை ஒட்டியிருந்த இடத்தில் கிடைக்குமாயின் அதுவே சான்று.

உலகம் உறைந்த காலம்

அத்தகைய சான்று கிடைத்தது. பாறையிலுள்ள இரும்புத் துகள்கள், அப்பாறை படிந்த காலத்தில் பூமியின் காந்தப் புலம் காட்டிய திசையில் நிலைத்துவிடுகின்றன. துருவத்தருகே அத்திசை செங்குத்தாகவும், நிலநடுக்கோட்டருகே கிடையாகவும் இருக்கும். தென் ஆஸ்திரேலியாவில் பிளிண்டர்ஸ் மலைத்தொடரின் பனிப்படிவுகளை இம்முறையால் சோதித்தபோது, அவை நிலநடுக்கோட்டுக்கு அண்மையில், கடல் மட்டத்தில் படிந்தவை எனத் தெரிந்தது. நிலநடுக்கோட்டில் கடல் மட்டத்திலேயே பனியாறு இருந்ததெனில், உலகின் வேறெந்தப் பகுதி பனியின்றி இருந்திருக்க முடியும்? பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் ஹார்லண்டு 1964-இலேயே இக்கருத்தை வெளியிட்டிருந்தார். அமெரிக்கரான கிர்ஷ்விங்க் 1992-இல் இந்நிலைக்குப் பனிப்பந்து பூமி என்று பெயரிட்டார். ஹாப்மன் முதலியோர் 1998-இல் நமீபியாவின் பாறைகளைக் கொண்டு இக்கொள்கையை விரித்துரைத்தனர். இருமுறை உலகம் இவ்வாறு உறைந்தது என்பது இன்றைய கணிப்பு. முதலாவது 71.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 66 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை நீடித்தது. இரண்டாவது 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது. கடல் முற்றிலும் உறைந்ததா, நிலநடுக்கோட்டை ஒட்டி ஒரு நீர்வளையம் எஞ்சியிருந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு.

நம் நாட்டில் அக்காலத்து நினைவைத் தாங்கியிருப்பவை பிளைனிப் பாறைகள் எனக் கருதப்படுகிறது. சோலன் நகருக்கு அண்மையிலுள்ள பிளைனி ஆற்றின் பெயரால் மெட்லிகாட் 1864-இல் இவற்றைக் குறித்தார். சிம்லா, மசூரி, நைனிதால் பகுதிகளில் இவை காணப்படுகின்றன. இமயமலையில் கிடைப்பதால் இவை இமயத்துப் பனியின் விளைவு என எண்ணிவிடலாகாது. இமயம் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இவை கடலில் படிந்தவை. கீழே தால்சேரைப் போன்று கலப்புக் கற்கள். அவற்றின்மேல் உடனடியாக இளஞ்சிவப்பு நிறச் சுண்ணாம்புப் படிவு. குளிர்நாட்டுப் பனிக்குப் பின்னே வெப்பக் கடலில் படிவதற்குரிய சுண்ணாம்பு எவ்வாறு உடனே வந்தது? உலகின் பல கண்டங்களிலும் இதே அடுக்குமுறை காணப்படுகிறது. இப்புதிருக்கு விடை கூறாத எக்கொள்கையும் நிலைக்காது.

முதலில், பூமி உறைந்தது எவ்வாறு என்பதைக் காண்போம். புதுப்பனி தன்மீது விழும் சூரிய ஒளியில் 80 விழுக்காட்டிற்கு மேல் திருப்பியனுப்பிவிடுகிறது. திறந்த கடல் 90 விழுக்காட்டிற்கு மேல் உட்கொண்டு வெப்பமடைகிறது. ஆகவே பனி பரவினால் குளிர் மிகும். குளிர் மிகுந்தால் பனி மேலும் பரவும். லெனின்கிராடில் புடிக்கோவும், அமெரிக்காவில் செல்லர்ஸும், ஒருவரையொருவர் சாராமலே, 1969-இல் இச்சுழலைக் கணக்கிட்டனர். பனியின் எல்லை துருவங்களிலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி அட்சரேகை வரை இறங்கிவிட்டால், அதன்பின் அதனைத் தடுப்பார் இல்லை; நிலநடுக்கோடு வரை உறைந்தே தீரும் என்பது கணக்கின் முடிவு. 70 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனின் ஒளி இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவாயிருந்தது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். தராசு உவமையில் கூறின், ஒரு நிலைவரை விறகுக் கடைத் தராசு. அதனைக் கடந்தால் குன்றிமணிக்கே கவிழ்ந்துவிடும் தராசு. உணர்திறன் எல்லாக் காலத்துக்கும் உரிய ஒரே எண் அன்று என்பதனைப் பனிப்பந்து பூமி நமக்குக் கற்பிக்கிறது.

செம்மண்ணின் வேலை

இனி, பனி நீங்கியது எவ்வாறு? இங்குதான் திருவனந்தபுரத்துச் செம்மண் வருகிறது. இவ்வூரில் கிணறு வெட்டுவோர் மேலே வெட்டுக்கல்லையும், அதன்கீழ் வெண்மையும் மஞ்சளும் கலந்த களிமண்ணையும், அதற்கும் கீழே கரும்பாறையையும் காண்பர். அடியிலுள்ள பாறை பெரும்பாலும் கோண்டலைட், சார்னகைட் என்னும் வகைகள். முன்னது ஒடிசாவின் கோண்டு மக்களாலும், பின்னது கல்கத்தாவில் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லாலும் பெயர்பெற்றது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதிக் கோண்டுவானா உருவாகியபோது, இப்பாறைகள் பல கிலோமீட்டர் ஆழத்தில் 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருமாறின. ஆகவே பனிப்பந்துக் காலத்துச் சுவடு எதையும் இவற்றில் தேடிப் பயனில்லை. தேட வேண்டியது பாறையிலன்று; பாறை மண்ணாகும் முறையில்.

மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அவ்வமிலம் பாறையை அரித்து, அதிலுள்ள சுண்ணச் சத்தையும் பிறவற்றையும் கரைத்து ஆற்றுக்கு அனுப்புகிறது. எஞ்சி நிற்கும் இரும்பும் அலுமினியமுமே செம்மண்ணும் வெட்டுக்கல்லும் ஆகின்றன. புக்கானன் என்பவர் மலப்புறத்து அங்காடிப்புரத்தில் இக்கல்லைக் கண்டு, செங்கல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் லாட்டரைட் என 1807-இல் வெளியிட்ட நூலில் பெயரிட்டது வாசகர்கள் அறிந்ததாயிருக்கலாம். ஆறு கொண்டுசென்ற சுண்ணச் சத்து, கடலில் சிப்பிகளின் ஓடாகவும் சுண்ணாம்புப் பாறையாகவும் படிகிறது. வேம்பநாட்டுக் காயலின் அடியில் குவிந்துள்ள சிப்பி ஓடுகளைக் கண்டோர், ஒரு காலத்தில் காற்றில் திரிந்த கரியமில வாயுவையே கண்டோராவர். எரிமலைகள் காற்றில் விடும் வாயுவை மழையும் பாறையும் சேர்ந்து இவ்வாறு மீட்டுக்கொள்கின்றன.

பூமி வெப்பமுற்றால் மழையும் மிகும், அரிப்பும் விரையும், வாயு குறையும். பூமி குளிர்ந்தால் அரிப்பு தளரும், வாயு சேரும். வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்னும் மூவர் 1981-இல் இதனை விளக்கினர். எல்லா மண்ணும் ஒரே அளவில் இவ்வேலையைச் செய்வதில்லை. வெட்டுக்கல் தடித்துவிட்ட இடத்தில் மழை புதுப்பாறையை எட்டுவதில்லை. அங்கு வேலை மந்தமாகிறது. சரிவான மேற்குத் தொடர்ச்சி மலையில் மண் வழிந்தோடப் புதுப்பாறை வெளிப்படுவதால் வேலை தொடர்கிறது. எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் இவ்வகையில் மிக விரைந்து சிதைவது. 71.7 கோடி ஆண்டுகளுக்கு முன் வட கனடாவில் பெரும் பரப்பில் அத்தகைய குழம்பு வழிந்தது. அந்நிலம் அக்காலத்தில் நிலநடுக்கோட்டருகே இருந்தது. அப்புதுக்கல்லை மழை அரித்ததால் கரியமில வாயு குறைந்து முதல் உறைவு தொடங்கியிருக்கலாம் எனச் சிலர் கருதுகின்றனர்.

உலகம் உறைந்தபின் மழை இல்லை. பாறையும் பனியின் கீழ் மறைந்தது. அரிப்பு நின்றது. எரிமலைகளோ நிற்கவில்லை. பல லட்சம், பல கோடி ஆண்டுகள் வாயு சேர்ந்து சேர்ந்து, இன்றுள்ளதைவிட நூற்றுக்கணக்கான மடங்காயிற்று என்பது கணிப்பு. இறுதியில் நிலநடுக்கோட்டருகே பனி உருகத் தொடங்கியதும், முன்னர் உறையச் செய்த அதே சுழல் எதிர்த்திசையில் சுழன்றது. பனி விரைந்து நீங்கியது. கொடிய வெப்பமும் பெருமழையும் வந்தன. புதிதாக வெளிப்பட்ட பாறைப்பொடியை மழை அரித்துக் கடலில் கொட்ட, சுண்ணாம்பு பெருமளவில் படிந்தது. பிளைனிக் கற்களின் மேலுள்ள இளஞ்சிவப்புப் படிவு இவ்வாறு வந்ததேயாகும். உறையும்போது சென்ற வழியே திரும்பி வர இயலவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வாயு சிறிது குறைந்ததால் மூடிய கதவைத் திறக்க, அதனைப் பன்மடங்கு பெருக்க வேண்டியிருந்தது.

அண்மைப் பனியின் கணக்கு

பனிப்பந்துக் காலம் எல்லையைக் காட்டுகிறதேயன்றி, இன்றைக்கு வேண்டிய எண்ணை நேராகத் தருவதில்லை. அதற்கு நமக்கு அணுக்கமான பனியுகத்தையே நாட வேண்டும். சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் உச்சத்தை அடைந்த இறுதிப் பனியுகத்தில் கடல் மட்டம் இன்றுள்ளதைவிட 120 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை வறண்ட நிலமாயிருந்தது; இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு நடந்தே செல்லலாம். கேரளக் கடற்கரையும் மேற்கே வெகுதூரம் விலகியிருந்தது. உதகைக்கு அண்மையில் சாண்டிநல்லா முதலிய இடங்களின் சதுப்புகளில் மட்கிப் படிந்த கரியை ஆராய்ந்து சுகுமார் முதலியோர் 1993-இல் வெளியிட்ட முடிவுகள், அப்பனி உச்சத்தின் போது நீலகிரியில் வறட்சி நிலவியதையும், பருவமழை தளர்ந்திருந்ததையும் காட்டுகின்றன. பனி ஐரோப்பாவை மூடியபோது நம் நாடு நனையவில்லை, காய்ந்தது.

அக்காலத்துக் காற்று அண்டார்க்டிக்காவின் பனிக்கட்டியில் குமிழிகளாகச் சிறைப்பட்டுள்ளது. கரியமில வாயு அப்போது பத்து லட்சம் பங்கில் 190 பங்கு அளவே. பூமியின் சராசரி உஷ்ணம் தொழிற்பெருக்கத்துக்கு முந்திய நிலையைவிட 5 முதல் 7 டிகிரி குறைவு. பூமியின் சுற்றுப்பாதையில் நேர்ந்த சிறுமாறுதல்கள் இதனைத் தொடக்கி வைத்தன. ஆயினும் ஆண்டு முழுவதும் பூமி பெறும் வெயிலின் மொத்தத்தில் அவை ஏற்படுத்திய வேறுபாடு மிக அற்பம். குளிரை உண்மையில் விளைவித்தவை குறைந்த வாயுக்களும், பரந்த வெண்பனிப் பரப்பும், காற்றிலெழுந்த தூசியுமேயாம். இவை யாவும் சேர்ந்து பூமியின் வெப்ப வரவில் சதுர மீட்டருக்குச் சுமார் 8 வாட் குறைத்தன என மதிப்பிடப்படுகிறது. கரியமில வாயு இருமடங்கானால் வரவில் கூடுவது சுமார் 4 வாட். எஞ்சியது பள்ளி மாணவனும் செய்யக்கூடிய விகிதக் கணக்கு: 8 வாட்டுக்கு 6 டிகிரி எனில், 4 வாட்டுக்கு 3 டிகிரி.

அமெரிக்க விஞ்ஞானக் குழுவொன்று 1979-இல் கணித்த வரம்பு 1.5 முதல் 4.5 டிகிரி வரை விரிந்திருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்விரிவு பெரிதும் சுருங்காமலே இருந்தது. 2021-இல் வெளிவந்த பன்னாட்டு அரசுக் குழுவின் அறிக்கை 2.5 முதல் 4 டிகிரி என வரம்பைச் சுருக்கி, 3 டிகிரியை நடுமதிப்பாகக் கொண்டது. பழைய தட்பவெப்ப நிலைகளின் சான்று இச்சுருக்கத்துக்குப் பெரிதும் துணைநின்றது. 1.5 டிகிரியோடு நின்றுவிடும் என்று நம்பியிருந்தோருக்குப் பனியுகம் இடமளிக்கவில்லை; பூமி அவ்வளவு மந்தமான தராசாயின் அத்துணைக் குளிர் வந்திருக்க இயலாது.

பூமி தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், நாம் அஞ்ச வேண்டியதில்லை என்று கூறுவோர் உளர். சரிசெய்துகொள்ளும் என்பது உண்மையே. நம் செம்மண்ணே சான்று. ஆனால் அவ்வேலை முடியப் பல லட்சம் ஆண்டுகள் வேண்டும். எரிமலைகள் ஓராண்டில் வெளியிடும் வாயுவைப் போல ஏறத்தாழ நூறு மடங்கை நாம் ஓராண்டில் வெளியிடுகிறோம். மழையும் பாறையும் எரிமலையின் அளவுக்குப் பழகியவை. தால்சேரில் பனிப்படிவின் மேலே அடுக்கடுக்காகக் கிடக்கும் நிலக்கரி, பனி விலகியபின் வளர்ந்த காடுகள் காற்றிலிருந்து நீண்ட காலம் உண்டு சேர்த்த கரியாகும். அது சில பத்தாண்டுகளில் புகையாகிக் காற்றுக்கே திரும்புகிறது.

3 டிகிரி என்பதிலும் ஒரு தயக்கம் எஞ்சியுள்ளது. பனியுகத்தில் குளிரை வளர்த்த பெரும் பனிப்பரப்பு வருங்காலத்தில் இராது. ஆகவே அக்கணக்கை அப்படியே வெப்ப உலகுக்குப் பொருத்துதல் முற்றும் சரியாகாது. வெப்ப உலகில் பெரிதும் தீர்மானிக்க வல்லவை மேகங்கள். தாழ்ந்த வெண்மேகங்கள் பனியைப் போலவே ஒளியைத் திருப்பியனுப்புகின்றன. வெப்பத்தால் அவை அருகுமாயின் உஷ்ணம் மேலும் உயரும். எவ்வளவு அருகும் என்பதைப் பனிப்படிவோ பாறையோ தெளிவாகக் கூறுவதில்லை. திருவனந்தபுரத்து ஆக்குளத்தில் 1978-இல் மாநில அரசால் தொடங்கப்பெற்று, 2014 முதல் மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம், கோண்டுவானாக் காலப் பாறைகளை ஆராய்வதோடு, மேகங்களை அளப்பதற்கென மூணாற்றுக்கு அண்மையில் மலைமேல் ஒரு நிலையத்தையும் அமைத்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவில் ஏறிவரும் பருவமழை மேகம், கருவி இருக்குமிடத்திற்கே தானாக வந்து சேருவது அவ்விடத்தின் தனி வசதியாகும்.